ஐந்தடிப் பெட்டிக்குள் படுக்கை விரிப்பது: பெட்ஷீட்டா, ஜிப் பையா, தோத்தோவா, கைலியா?

எங்கள் டிரெய்லரில் படுக்கை விரிக்க வேண்டுமென்றால் முதலில் அந்தப் படுக்கை மேலேயே ஏறி மண்டி போட வேண்டும். உள்ளே மொத்த அகலம் ஐந்தடி, மெத்தையும் ஐந்தடி, சுற்றி நடக்க இடமே கிடையாது. எந்த மூலையில் பெட்ஷீட்டை மாட்டப் போகிறோமோ அந்த மூலையில்தான் நம் முழங்கால் இருக்கும். முழங்காலை எடுத்தால் மூலை மாட்டலாம், ஆனால் எடுத்த முழங்காலை இன்னொரு மூலையில்தான் வைத்தாக வேண்டும், அங்கே ஏற்கெனவே மாட்டியது பட்டென்று கழன்று வரும். முதல் பயணத்தில் பினாங்குக் கடற்கரை ஊரான தெலுக் பாஹாங்கில் இருட்டில் இருபது நிமிடம் இப்படி மல்லுக்கட்டினேன். என் வீட்டுக்காரர் வெளியே நாற்காலி போட்டு மைலோ குடித்துக்கொண்டே "உள்ளே யாரோடு சண்டை?" என்று கேட்டார்.

டிரெய்லர் என்றால் பெரிய கேரவன் என்று நினைத்துவிடாதீர்கள். தம்பி பயன்படுத்திவிட்டு எங்களிடம் தள்ளிவிட்ட கண்ணீர்த்துளி வடிவப் பெட்டி. இந்த வடிவம் அமெரிக்காவில் 1930களில் வந்தது. முன்பக்கம் உருண்டையாக, பின்பக்கம் சரிந்து இருக்கும். பின்கதவைத் தூக்கினால் அங்கேதான் அடுப்படி. படுக்கும்போது நம் கால் அந்த அடுப்படி அலமாரிக்கு அடியில் நீண்டு போகும். எங்களுடையதில் அந்த இடத்தில் உயரம் ஒன்றேகால் அடி. ஆகவே கால்மாட்டு மூலை இரண்டையும் மாட்ட வேண்டுமென்றால் தலையை முன்னே விட்டு உடும்பு மாதிரி ஊர்ந்து போகணும். மாட்டியதும் அப்படியே பின்னால் நகர்ந்து வெளியே வரணும், வரும்போது பெட்ஷீட்டும் கூடவே வரும்.

இரண்டு வருஷமாக ஒவ்வொன்றாக முயன்று பார்த்துவிட்டேன். இதே மாதிரி சின்ன டிரெய்லரோ, பின்னால் படுக்கை போட்ட வேனோ வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். மெத்தை எவ்வளவு சொகுசு என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது, கதவுக்கு வெளியே நின்றபடியே இதை விரிக்கவும் எடுக்கவும் முடியுமா என்பதுதான். ஏன் எடுக்கவும் என்கிறேன் என்பது பின்னால் வருகிறது.

முதலில் வீட்டில் எல்லாரும் போடுகிற எலாஸ்டிக் வைத்த பெட்ஷீட். இதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டு குவீன் மெத்தை 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம். கேரவன்களில் வருவது பெரும்பாலும் நீளம் குறைந்த குவீன், 60க்கு 75. அதனால் அங்கே இருப்பவர்களுக்குச் சரியான அளவு பெட்ஷீட்டைத் தேடுவதே ஒரு வேலை. வீட்டு ஷீட்டைப் போட்டால் கால்மாட்டில் ஐந்து அங்குலம் தொளதொளவென்று நிற்கும். ஆனால் மலேசியாவில் நாம் குவீன் என்று வாங்குவதே 152க்கு 190 சென்டிமீட்டர், அதாவது அதே 60க்கு 75. அவர்கள் தேடி அலையும் அளவு நமக்கு எந்த பசார் மாலாமிலும் (இரவுச் சந்தையிலும்) குவியலாகக் கிடக்கிறது.

சிக்கல் உயரத்தில். கடையில் விற்கும் ஷீட் எல்லாம் பத்துப் பன்னிரண்டு அங்குல ஸ்பிரிங் மெத்தைக்கென்று தைத்தது. டிரெய்லரில் போடுவது நாலு அங்குல ஃபோம். மிச்சத் துணி அடியில் சுருண்டு, நடுராத்திரி புரளும்போது மேலே ஏறி முதுகுக்கடியில் கயிறு மாதிரி உருளும். இதற்கு வழி உண்டு: தையல்கடையில் கொடுத்து ஓரத்தை வெட்டி, எலாஸ்டிக்கை மூலையில் மட்டும் இல்லாமல் சுற்றிலும் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பினாங்கில் லெபோ பாசார் தெருப் பக்கம் இருக்கும் தையல்கடை ஒன்றில் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார் ஒரு அண்ணன். "இவ்வளவு மெல்லிய மெத்தையில் யாரும்மா படுக்கப் போறா?" என்று மட்டும் கேட்டார்.

விரிக்கும் முறையிலும் ஒரு வித்தை இருக்கிறது. ஃபோம் மெத்தையாக இருந்தால் அதை நடுவில் மடித்து, கால்மாட்டை இழுத்து நம் பக்கம் கொண்டுவாருங்கள். தூர மூலை இரண்டையும் வெளியில் வைத்தே மாட்டிவிட்டு, மெத்தையை மறுபடி உள்ளே தள்ளி விரியவிடுங்கள். அது விரியும்போது ஷீட் தானே இறுகும். ஸ்பிரிங் மெத்தையில் இது நடக்காது, மடிக்கப் போனால் கம்பி வளைந்துவிடும். ஐந்தடி ஃபோமை அந்தச் சின்னக் கதவு வழியாகப் பாதி இழுத்து மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனியாகப் போகிறவர்களுக்கு இது வேலைக்காகாது.

அடுத்து ஜிப் பை. வெளிநாட்டில் கேரவன்காரர்கள் நிறையப் பேர் இதைப் புகழ்கிறார்கள். அடி விரிப்பும் மேல் போர்வையும் சேர்த்துத் தைத்த ஒரே துண்டு, இரண்டு பக்கமும் ஜிப். காலையில் எழுந்து இரண்டு ஜிப்பை இழுத்தால் படுக்கை ஒதுக்கியாயிற்று, ஓட்டல் அறை மாதிரி இருக்கும். படத்தைப் பார்த்து மயங்கி நானும் அதே தையல்கடையில் பருத்தித் துணியில் ஒன்று தைத்துக்கொண்டேன், துணி, ஜிப், கூலி எல்லாம் சேர்த்து நூற்று இருபது வெள்ளி (ரிங்கிட்) ஆயிற்று.

அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் போனது பினாங்கின் பத்து பிரிங்கி கடற்கரைக்கு. கடற்கரையில் காலை எவ்வளவு கழுவினாலும் கணுக்காலில் ஒட்டின மணல் உள்ளே வந்துவிடும். சாதாரண ஷீட் என்றால் கதவைத் திறந்து ஒரு உதறு உதறலாம். பைக்குள் விழுந்த மணல் பைக்குள்ளேயேதான் இருக்கும், அதுவும் கால்மாட்டில், அந்த ஒன்றேகால் அடி குகைக்குள்ளே. இரண்டாவது நாள் மணல் ஜிப் பல்லில் சிக்கிக்கொண்டது. ராத்திரி கழிவறைக்குப் போக எழுந்த வீட்டுக்காரர் ஜிப்பை இழுக்க, அது வராமல் இவர் இழுக்க, கடைசியில் பாம்பு சட்டை உரிப்பது மாதிரி மேல் வழியாக வெளியே வந்தார். அப்புறம் சூடு. அடியும் மேலும் ஒட்டியிருப்பதால் காலை வெளியே நீட்ட முடியாது. பினாங்கில் ராத்திரி 25 டிகிரி, காற்றில் ஈரம் வேறு. ஒரு காலையாவது போர்வைக்கு வெளியே நீட்டாமல் நம்மால் தூங்க முடியுமா? துவைக்க வேண்டுமென்றாலும் போர்வையோடு சேர்த்து முழுசாகக் கழற்றணும், மறுபடி மாட்டணும், ஆரம்பத்தில் சொன்ன அதே முழங்கால் சண்டை. வருஷம் முழுக்கக் குளிரும் ஊரில் இருப்பவர்களுக்கும், மணல் பக்கமே போகாதவர்களுக்கும் இது நல்ல பொருள். என்னுடையது இப்போது தங்கச்சி வீட்டில் இருக்கிறது, குழந்தைகள் கூடத்தில் கூடாரம் விளையாடுகிறார்கள்.

ஸ்லீப்பிங் பேக்கைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மலை ஏறுகிறவர்களுக்கென்று தைத்த அந்தக் கூம்பு வடிவம் கீழே சமவெளியில் வேகவைக்கும் சட்டி. கேமரன் மலைக்குப் போகிறவர்கள் வாங்கலாம். அங்கே இருக்கும் தானா ராத்தா ஊர் கிட்டத்தட்ட 1,400 மீட்டர் உயரம், விடியற்காலையில் பதினைந்து பதினாறு டிகிரிக்கு இறங்கும். அங்கேகூட, சதுரமாக முழுசும் திறந்து போர்வையாக விரிக்க முடிகிற வகையை வாங்குங்கள். சின்னப் பெட்டிக்குள் இரண்டு பேர் மூச்சிலேயே உள்ளே கதகதப்பு வந்துவிடும், கழுத்து வரை மூடிக்கொள்ளத் தேவையே வராது.

சரி, தோத்தோ. மலேசியாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இது மடித்தோ சுருட்டியோ பீரோ மேலே வைக்கும் மெல்லிய மெத்தை, உறை அதோடு சேர்த்தே தைத்திருக்கும். தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் கூடத்தில் வரிசையாக விரிப்பது இதைத்தான். எங்கள் தலைமுறையில் தோத்தோவில் தூங்காத பிள்ளையே இருக்காது. டிரெய்லருக்கு இதைவிடச் சுலபமானது எதுவும் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். கதவுக்கு வெளியே நின்று உருட்டிவிட்டால் தானே விரியும், காலையில் சுருட்டி இழுத்தால் வெளியே வரும். பெட்ஷீட் மாட்ட வேண்டாம், மூலையும் கிடையாது, ஊர்வதும் கிடையாது. ஆளுக்கு ஒன்று போட்டால் ஒருவர் புரள்வது மற்றவருக்குத் தெரியாது. வீடு திரும்பும் வழியில் நாணயம் போடும் டோபியில் பெரிய மெஷினில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்தே வந்துவிடும்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. ப்ளைவுட் பலகை மேல் வெறும் தோத்தோ போட்டால் நாற்பது தாண்டிய இடுப்பு அதை மன்னிக்காது. ஒரு ராத்திரி தாங்கும், இரண்டாவது ராத்திரி பக்கவாட்டில் படுத்தால் இடுப்பெலும்பு பலகையைத் தொடுவது தெரியும். இளவயசுக்காரர்கள், வாரக் கடைசியில் ஒரே ராத்திரி போய் வருகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதிப் பணத்தில் மீன் வாங்கிச் சுட்டுச் சாப்பிடுங்கள்.

இங்கேதான் எடுக்கவும் முடிய வேண்டும் என்று முதலில் சொன்ன விஷயம் வருகிறது. ஒரு ஆள் ஒரு ராத்திரியில் மூச்சிலும் வியர்வையிலுமாக ஒரு கிளாஸ் தண்ணீருக்குக் குறையாமல் வெளியே விடுகிறார். இரண்டு பேர் என்றால் இரண்டு கிளாஸ், பூட்டின பெட்டிக்குள். அதில் ஒரு பகுதி மெத்தை வழியாகக் கீழே இறங்கும், அடியில் குளிர்ந்திருக்கும் பலகையில் பட்டுத் தண்ணீராகும். கேமரன் மலையில் இது வேகமாக நடக்கும், ஏனென்றால் வெளியே குளிர், உள்ளே உடம்புச் சூடு. கீழே பினாங்கிலோ கோலாலம்பூரிலோ பலகை அவ்வளவு குளிராது, ஆனால் இங்கே காற்றே ஈரம், ஒரு தடவை நனைந்தது தானாகக் காயாது. முதல் வருஷம் அதே கேமரன் மலையில் பிரிஞ்சாங்கில் மூன்று ராத்திரி தங்கிவிட்டு வந்து, மெத்தையைத் தூக்கிப் பார்க்காமல் டிரெய்லரை அப்படியே இரண்டு வாரம் மூடி வைத்துவிட்டோம். திறந்தபோது மழைக்காலத்துச் சாக்குமூட்டை வாடை. மெத்தைக்கு அடியில், சரியாக நாங்கள் இரண்டு பேரும் படுக்கும் இடத்தில், இரண்டு ஆள் உருவத்தில் கறுப்புப் பூசணம். வீட்டுக்காரர் உருவம் கொஞ்சம் அகலம்.

அதற்கப்புறம்தான் புரிந்தது, ஐந்தடி மெத்தையை ஒரே துண்டாகப் போட்டால் தினமும் யாரும் தூக்க மாட்டார்கள். தூக்க முடியாத மெத்தை இந்த ஊரில் பூசணம் பிடிக்காமல் இருக்காது. பலகைக்குப் பதில் இடைவெளி விட்டு அடித்த கட்டைகள் போட்டால் காற்று போகும், வசதி இருந்தால் அதைச் செய்யுங்கள். எங்களுடையதில் பலகைக்கு அடியில் சாமான் வைக்கும் அறை இருப்பதால் கட்டை போட முடியவில்லை. அதனால் மெத்தைக்கு அடியில் தேங்காய் நார் விரிப்பு ஒன்று போட்டோம், வாசலில் கால் துடைக்கப் போடுவதுதான், நீளமாக வெட்டி வாங்கியது. இப்போது அடியில் விரல் கனம் காற்று ஓடுகிறது.

இனி எங்கள் இப்போதைய ஏற்பாடு. பூசணம் பிடித்த மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு, சோபா தைக்கும் குஷன் கடையில் நாலு அங்குல ஃபோம் வாங்கி நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொன்னோம், ஆளுக்கு இரண்டரை அடி. இப்போது ஒரு பாதியை ஒரு கையால் கதவு வழியாக வெளியே இழுத்து, டிரெய்லர் மேல் சாய்த்துக் காயவைக்கலாம். விரிப்பு மாட்டுவதும் வெளியில் நின்றபடியே.

அந்த ஒல்லி மெத்தைக்கு என்ன உறை என்பதுதான் அடுத்த கேள்வி. சிங்கிள் பெட்ஷீட் மூன்றடி, இதற்கு அகலம் அதிகம். தலையணை உறை மாதிரி நீளமாகத் தைக்கலாம் என்று மறுபடி அந்தத் தையல்கார அண்ணனிடம் போக இருந்தேன். அப்போதுதான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த கைலியைப் பார்த்தேன். கைலி என்பதே மூட்டித் தைத்த குழாய்தானே. அளவு நாடாவை எடுத்து அளந்தேன்: சுற்றளவு இரண்டு மீட்டர், உயரம் ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மெத்தையின் அகலம் 76 சென்டிமீட்டர், கனம் 10. சுற்றிலும் அளந்தால் 172. அதாவது கைலிக்குள் மெத்தை நுழையும், 28 சென்டிமீட்டர் தளர்வோடு. தலைப்பக்கம் ஒரு கைலி, கால்பக்கம் ஒரு கைலி, நடுவில் ஒன்றன் மேல் ஒன்று ஏற, முழு நீளமும் மூடிவிட்டது. தளர்வை அடிப்பக்கம் மடித்து இரண்டு பெரிய ஊக்கு குத்தினால் அசையாது.

மலாய்க்காரர்கள் இந்தக் கட்டம் போட்ட கைலியை காயின் பெலேகாட் என்பார்கள். நம் பழவேற்காட்டிலிருந்து கப்பலில் வந்த துணி என்பதால் அந்தப் பெயர். ஆத்தா காலத்தில் இதே கைலியில் தூளி கட்டித்தான் எங்களை எல்லாம் தூங்கவைத்தார்கள், இப்போது நாற்பத்தெட்டு வயசில் மறுபடி கைலிக்குள்.

இதன் வசதி பயன்படுத்தும்போதுதான் தெரிகிறது. தலைப்பக்கம்தான் வியர்வையில் அழுக்காகும், கால்பக்கம் மணலாகும். எது அழுக்கோ அந்தக் கைலியை மட்டும் உருவித் துவைக்கலாம், வாளித் தண்ணீர் போதும். பருத்தி என்பதால் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் காயும். இரண்டு வெள்ளி குறைவு என்று பாலியெஸ்டர் கலந்ததை மட்டும் வாங்கிவிடாதீர்கள், வியர்வையை உறிஞ்சாமல் முதுகில் ஒட்டும். அதே காரணத்துக்காகத்தான் மைக்ரோஃபைபர் பெட்ஷீட்டும் வேண்டாம் என்பேன், கையில் தொட்டால் பட்டு மாதிரி இருக்கும், படுத்தால் பிளாஸ்டிக். போர்த்திக்கொள்ளவும் ஆளுக்கு ஒரு கைலிதான், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேமரன் மலைக்குப் போகும்போது மட்டும் ஒரு மெல்லிய கம்ஃபர்ட்டரைப் பெரிய குஷன் உறைக்குள் திணித்து எடுத்துப் போகிறோம், பகலில் அது முதுகுக்குச் சாய்வு.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டு மெத்தைக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழும். யாராவது ஒருவர் கை அதற்குள் போகும், கைபேசி போகும், ஒரு தடவை மூக்குக்கண்ணாடி போய் காலையில் நார் விரிப்பில் கிடைத்தது. வெல்குரோ ஒட்டிப் பார்த்தோம், கைலி மேல் அது நிற்கவில்லை. இரண்டுக்கும் மேலே குறுக்காக ஒரு தோத்தோ போட்டால் பள்ளம் மறைகிறது, இடுப்புக்கும் கூடுதல் மெத்து, ஆனால் ஆளுக்கு ஒரு படுக்கை என்ற சௌகரியம் போய்விடுகிறது, அவர் புரண்டால் எனக்கும் தெரிகிறது. நீண்ட பயணத்துக்குத் தோத்தோவை ஏற்றிக்கொள்கிறோம், ஒரு ராத்திரி என்றால் பள்ளத்தோடு படுத்துக்கொள்கிறோம்.

சின்னக் குழந்தையை நடுவில் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு வெட்டின மெத்தை சரிப்படாது, குழந்தை சரியாக அந்தப் பள்ளத்தைத் தேடிப் போய்ப் படுக்கும். நீங்கள் ஒரே துண்டு ஃபோம், சுற்றிலும் எலாஸ்டிக் வைத்து ஓரம் குறைத்த குவீன் ஷீட், அடியில் நார் விரிப்பு என்று போங்கள், இரண்டு பேராகச் சேர்ந்து தினமும் காலையில் ஒரு பக்கத்தை ஒரு மணி நேரமாவது தூக்கி முட்டுக்கொடுத்து வையுங்கள். முட்டுக்கு உங்கள் தலையணை போதும். எங்கள் வீட்டில் அதற்கு டுரியான் கூடை ஒன்று ஒதுக்கி வைத்திருந்தோம், வாடை போகவில்லை என்று அதையும் வீட்டுக்காரர் மாற்றச் சொல்லிவிட்டார்.